மலை ஏறும்போது மூச்சு வாங்கும் லாரி: பம்ப்பை கழட்டும் முன் டேங்க்கை பாருங்க!

நாமக்கல்,

சத்தியமங்கலத்தை அடுத்த திம்பம் மலைப்பாதையில் மொத்தம் 27 கொண்டை ஊசி வளைவுகள். இதில் ஏதாவது ஒரு வளைவில் லோடு லாரி நின்று விட்டால் போதும். மேலேயும் கீழேயும் பஸ், கார், காய்கறி வண்டி என்று வரிசை கட்டி விடும். 2022-ம் ஆண்டு பிப்ரவரியில் ஐகோர்ட்டு உத்தரவுப்படி இரவு போக்குவரத்துக்கு கட்டுப்பாடு வந்த பிறகு, பகலிலேயே மலையை தாண்டியாக வேண்டிய அவசரம் வேறு.

இப்படி நிற்கும் லாரிகளில் ஆக்சில் உடைந்தது, கிளட்ச் தேய்ந்தது, டயர் வெடித்தது எல்லாம் கண்ணுக்கு தெரிந்த கோளாறு. கண்ணுக்கு தெரியாமல் டிரைவரை அலைக்கழிப்பது இன்னொன்று. "சமதளத்துல நல்லா ஓடுதுங்க, மேடு ஏறுனா இழுக்க மாட்டேங்குது" என்று பட்டறைக்கு வரும் கோளாறு அது. டீசல் பிரஷர் குறைவு.

நாமக்கல், சங்ககிரி பக்கம் லாரியை நம்பி பிழைக்காத தெருவை தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கியாஸ் டேங்கர், டிரெய்லர், முட்டை வண்டி என்று எதுவானாலும் வண்டி ஓடினால்தான் டியூ கட்ட முடியும். இந்த ஒரு கோளாறுக்கு பயந்து நேராக பம்ப்பையும் இன்ஜெக்டரையும் மாற்ற சொல்லி விடுகிறார்கள் சிலர். ஆறு இன்ஜெக்டர், ஒரு பம்ப் என்று புதிதாக போட்டால் பில் லட்ச ரூபாயை தாண்டி விடும். மாற்றிய பிறகும் வண்டி அதே மேட்டில் அதே மாதிரி நின்றால் ஓனர் நிலைமை என்ன?

பல சமயம் குற்றவாளி சில ரூபாய் பெறுமான காப்பர் வாஷராகவோ, வெடித்துப்போன ரப்பர் ஓசாகவோ இருப்பதுதான் இதில் கொடுமை.

டீசல் போகும் பாதை

கோளாறை பிடிக்க வேண்டுமானால் டீசல் எந்த வழியாக போகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். டேங்க்கில் இருந்து ஓஸ் வழியாக முதல் ஃபில்டர். தண்ணீரை பிரிக்கும் கிண்ணம் இதன் அடியில்தான் இருக்கும். பெரும்பாலும் கைப்பம்ப்பும் இங்கேயே இருக்கும். அடுத்து ஃபீட் பம்ப். டேங்க்கில் இருந்து டீசலை உறிஞ்சி எடுப்பது இதன் வேலை. பிறகு மெயின் ஃபில்டர். அதை தாண்டியதும் பெரிய பம்ப். பழைய வண்டியில் அது நேராக நாசிலுக்கு அனுப்பும். காமன் ரெயில் வண்டியில் ரெயில் என்ற கெட்டியான இரும்பு குழாயில் டீசலை அழுத்தி வைக்கும். அங்கிருந்து கம்ப்யூட்டர் சொல்லும் நேரத்தில் இன்ஜெக்டர் தெளிக்கும். மிச்ச டீசல் ரிட்டர்ன் லைனில் டேங்க்குக்கே திரும்பி விடும்.

ஆக, ஒரே பாதையில் மூன்று பகுதி. டேங்க்கில் இருந்து ஃபீட் பம்ப் வரை உறிஞ்சும் பகுதி. அங்கிருந்து பெரிய பம்ப் வரை லேசான பிரஷர் பகுதி. அதற்கு மேல் ஆளை கொல்லும் பிரஷர் பகுதி.

இந்தியா முழுவதும் 2017 ஏப்ரலில் பி.எஸ்.4, 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்த பிறகு பெரிய லாரிகளும் காமன் ரெயிலுக்கு மாறி விட்டன. பி.எஸ்.4 காலத்தில் சில மாடல்களில் மட்டும் பழைய இன்லைன் பம்ப் தொடர்ந்தது. அதனால் வருஷத்தை வைத்து முடிவு கட்டாமல், பானட்டை திறந்து பம்ப்பை பார்த்து விட்டு பேசுவதுதான் சரி.

புகை சொல்லும் சேதி

கருவி எதுவும் தொடுவதற்கு முன் சைலன்சரை பார்க்க வேண்டும். மேடு ஏறும்போது இழுவை இல்லாமல் கரும்புகை தள்ளினால் டீசல் வருகிறது, காற்றுதான் போதவில்லை என்று அர்த்தம். ஏர் ஃபில்டர், டர்போ ஓஸ் பக்கம் போக வேண்டும். பி.எஸ்.6 வண்டியில் சைலன்சரில் உள்ள வடிகட்டி கரியை பிடித்து வைத்துக்கொள்வதால் இந்த அடையாளம் அவ்வளவாக தெரியாது. மற்ற வண்டியில் நம்பலாம்.

இழுவையும் இல்லை, புகையும் இல்லை என்றால் டீசல் பட்டினி. செல்ஃப் அடிக்க அடிக்க சைலன்சரில் துளி புகை கூட வரவில்லை என்றாலும் அதே கதைதான். டீசல் சிலிண்டருக்குள்ளேயே போகவில்லை.

காலையில் மட்டும் ஸ்டார்ட் ஆக அடம் பிடித்து, ஒரு முறை ஓடி விட்டால் நாள் முழுக்க ஒழுங்காக ஓடும் வண்டிகள் உண்டு. ராத்திரியில் எங்கோ காற்று உள்ளே போய், லைனில் இருந்த டீசல் டேங்க்குக்கே இறங்கி விட்டது என்பதற்கு இது அடையாளம்.

காமன் ரெயில் வண்டியில் மீட்டரில் இன்ஜின் விளக்கு எரிந்து, வண்டி ஒரு வேகத்துக்கு மேல் போகாது. ஸ்கேனர் மாட்டினால் பி0087 என்றோ, எஸ்.பி.என். 157 என்றோ காட்டும். ரெயிலில் பிரஷர் போதவில்லை என்பதுதான் இதன் பொருள். எஸ்.பி.என். 94 என்று வந்தால் அதற்கு முந்தைய லேசான பிரஷர் பகுதியில் தகராறு.

இங்கேதான் தப்பு நடக்கிறது. கோடு வந்ததும் "பம்ப் போச்சு" என்று தீர்ப்பு எழுதி விடுகிறார்கள். காய்ச்சல் என்று தெர்மாமீட்டர் காட்டினால் அது மலேரியாவா, சளியா என்று அதுவே சொல்லி விடுமா? பிரஷர் குறைவு என்பது மட்டும்தான் கோடு சொல்லும் சேதி. ஏன் குறைவு என்று தேட வேண்டியது ஆளின் வேலை.

டேங்க் மூடியை திறந்தாலே தெரியும்

முதல் சோதனைக்கு காசே வேண்டாம். வண்டி இழுவை இழந்து நின்றதும் டேங்க் மூடியை மெதுவாக திறந்து பார்க்க வேண்டும். "புஸ்" என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியிலோ பிரீதரிலோ உள்ள காற்று துவாரம் மண் அடைத்து கிடக்கிறது. டீசல் குறைய குறைய உள்ளே காற்று வர வழியில்லாமல், ஃபீட் பம்ப் எவ்வளவு இழுத்தாலும் டீசல் வராது. துவாரத்தை சுத்தம் செய்தால் முடிந்தது கதை. செங்கல், மணல், சிமெண்டு லோடு அடிக்கும் வண்டிகளில் இந்த கோளாறை கட்டாயம் பார்க்க வேண்டும்.

அடுத்தது டேங்க்குக்குள் மிதக்கும் குப்பை. வேஸ்ட் துணி, மூடியின் கிழிந்த வாஷர், கேன் சீலின் பிளாஸ்டிக் துண்டு என்று ஏதாவது ஒன்று. இது காட்டும் கூத்து டிரைவர்களுக்கு பழக்கமானது. வண்டி ஓடும்போது அந்த துண்டு உறிஞ்சு குழாய் வாயில் போய் ஒட்டிக்கொள்ளும். வண்டி நிற்கும். இன்ஜின் அணைந்ததும் உறிஞ்சல் இல்லாததால் துண்டு தானாக கீழே விழும். பத்து நிமிஷம் கழித்து செல்ஃப் அடித்தால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் நிற்கும். "நின்னா சரியாகுது, ஓடுனா நிக்குது" என்று டிரைவர் சொன்னால், ஸ்கேனரை வைத்து விட்டு டேங்க்கை கழட்டி கழுவ வேண்டியதுதான்.

இன்னொரு குறிப்பும் முக்கியம். டேங்க் நிறைய இருந்தால் நன்றாக ஓடும், பாதிக்கு கீழே இறங்கினால் மட்டும் இழுவை போகும் என்றால், டேங்க்குக்குள் இறங்கும் உறிஞ்சு குழாயில் விரிசலோ ஓட்டையோ இருக்கலாம். டீசல் மட்டம் அந்த ஓட்டைக்கு கீழே போனதும் காற்றை உறிஞ்ச ஆரம்பித்து விடும். மலை ஏறும்போது டீசல் டேங்க்கின் ஒரு பக்கமாக ஒதுங்குவதால் அங்கே முதலில் தெரியும். இதை டிரைவர்தான் கவனித்து சொல்ல வேண்டும். பட்டறையில் நிறுத்தி வைத்த வண்டியில் மெக்கானிக்குக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை.

சொட்டாமலே ஒழுகும் லைன்

டீசல் ஒழுகினால் தரையில் தெரியும். ஆனால் உறிஞ்சும் பகுதியில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். அதனால் இந்த ஓட்டை கண்ணுக்கு தெரிவதில்லை. "ஏர் புடிச்சிருச்சு" என்று கைப்பம்ப் அடித்து ஸ்டார்ட் செய்து விட்டு போய் விடுவார்கள். மறுநாளும் ஏர் பிடிக்கும். மறுபடி கைப்பம்ப். ஏர் எடுப்பது வைத்தியம் இல்லை. காற்று எந்த வழியாக வருகிறது என்பதை அடைப்பதுதான் வைத்தியம்.

இதற்கு பட்டறைகளில் ஒரு நல்ல வழி உண்டு. ஃபீட் பம்ப்புக்கு வரும் ரப்பர் ஓசுக்கு பதிலாக, டீசலுக்கு தாங்கும் கண்ணாடி போன்ற டியூப் ஒன்றை தற்காலிகமாக மாட்டுவார்கள். இன்ஜினை ஓட விட்டு டியூப்பை பார்த்தால் டீசல் ஓடுவது தெரியும். நுரையும் குமிழியுமாக வந்தால் அதற்கு முன்னால் எங்கோ காற்று நுழைகிறது. ஏர் எடுத்த முதல் நிமிஷம் ஓரிரு குமிழி வருவதை கணக்கில் எடுக்க வேண்டாம். நிற்காமல் வந்தால்தான் சந்தேகம்.

பிறகு ஒவ்வொரு ஜாயிண்டாக தேட வேண்டும். பேஞ்சோ போல்ட்டின் இருபுறமும் உள்ள காப்பர் வாஷர், கைப்பம்ப்பின் ஓ-ரிங், ஃபில்டர் உட்காரும் ரப்பர், ஓஸ் கிளிப் உரசும் இடம், சேசிஸ் மேல் ஓஸ் தேயும் இடம் என்று பார்த்தால் எங்காவது சிக்கி விடும். பழைய காப்பர் வாஷரை திருப்பி போட்டு இறுக்குவது நம்ம ஊரில் சகஜம். ஏற்கனவே நசுங்கிய வாஷர் மறுபடி சீல் ஆகும் என்று நம்ப முடியாது.

வழியில் நின்றால் சோப்பு தேய்ப்பது, சைக்கிள் டியூப் சுற்றுவது, எம்-சீல் வைப்பது எல்லாம் ஊர் வந்து சேர உதவும். அதை அப்படியே விட்டு அடுத்த லோடு ஏற்றுவதில்தான் வம்பு. சோப்பும் எம்-சீலும் கரைந்தும் உதிர்ந்தும் உள்ளே போனால் அதுவே ஃபில்டரை அடைக்கும்.

ஒரு கேன் டீசல் போதும்

டேங்க்கா, லைனா, பம்ப்பா என்று குழப்பம் வரும்போது அனுபவம் உள்ள மெக்கானிக்குகள் செய்யும் சோதனை இது. சுத்தமான கேனில் சுத்தமான டீசல். அதில் இருந்து புது ஓஸ் ஒன்றை நேராக ஃபீட் பம்ப் வாயில் மாட்டி, கேனை சாயாமல் கட்டி, ரிட்டர்னையும் கேனுக்கே திருப்பி விட வேண்டும். கேன் சூடான சைலன்சர் பக்கம் இருக்கவே கூடாது.

வண்டி இப்போது நன்றாக வேகம் எடுத்தால் பம்ப் மேல் பழி இல்லை. கோளாறு டேங்க்குக்கும் ஃபீட் பம்ப்புக்கும் நடுவில்தான். கேனில் ஓடியும் அதே மாதிரி திணறினால் அடுத்த கட்டத்துக்கு போகலாம். கால் மணி நேர வேலை. லட்ச ரூபாய் செலவு தேவையா, இல்லையா என்பதை பாதி முடிவு செய்து விடும் வேலை.

ஃபில்டரில் செய்யும் சிக்கனம்

ஃபில்டர் அடைத்தால் சமதளத்தில் தெரியாது. ஐடிலில் ஓட இன்ஜினுக்கு கொஞ்சம் டீசல் போதும். லோடோடு மேடு ஏறும்போது அது கேட்கும் அளவு அடைத்த ஃபில்டர் வழியாக வராது. மேட்டில் மட்டும் வண்டி திணறுவதன் ரகசியம் இதுதான்.

காமன் ரெயில் இன்ஜெக்டரின் உள்ளே உள்ள இடைவெளிகள் தலைமுடியை விட பல மடங்கு மெல்லியவை. கண்ணுக்கு தெரியாத தூசியே அதை தேய்த்து விடும். விலை குறைவு என்று போலி ஃபில்டர் வாங்கி மாட்டுவது, திருடனை வாட்ச்மேனாக வைப்பது மாதிரி.

புது ஃபில்டர் மாட்டும் முறையிலும் ஒரு பழைய பழக்கம் இருக்கிறது. மக்கில் டீசல் பிடித்து ஃபில்டருக்குள் ஊற்றி நிரப்பி மாட்டுவார்கள். பழைய வண்டியில் அது ஓடியது. காமன் ரெயிலில் மெயின் ஃபில்டரின் நடு ஓட்டையில் ஊற்றும் டீசல் வடிகட்டாமல் நேராக பம்ப்புக்கு போகும். மக்கில் இருந்த தூசியும் கூடவே போகும். காலியாக மாட்டி, கைப்பம்ப் கெட்டியாகும் வரை அடித்து நிரப்புவதே முறை.

ஃபில்டர் அடியில் உள்ள தண்ணீர் கிண்ணத்தை காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் திறந்து விடுவது நல்லது. ராத்திரி முழுக்க நின்றதில் தண்ணீர் அடியில் தங்கி இருக்கும். ரோட்டில் விடாமல் பழைய கண்ணாடி பாட்டிலில் பிடித்தால் தண்ணீர் எவ்வளவு என்றும் தெரியும், பின்னால் வரும் பைக்காரரும் வழுக்கி விழ மாட்டார். அதிகமாக தண்ணீர் வந்தால் டீசல் போட்ட இடத்தை மாற்ற வேண்டும். பெரிய பம்ப்புக்கு பல வண்டிகளில் தனியாக ஆயில் கிடையாது. டீசலே அதற்கு ஆயில். தண்ணீரோ மண்எண்ணெயோ கலந்தால் அந்த வழவழப்பு போய் இரும்போடு இரும்பு உரசும்.

பி.எஸ்.6 வண்டியில் யூரியா கரைசல் ஊற்றும் டேங்க் தனியாக இருக்கும். கிளீனர் அவசரத்தில் அதை டீசல் டேங்க்கில் ஊற்றி விட்டால் சாவியை கூட திருப்பக் கூடாது. டேங்க்கை இறக்கி கழுவினால் செலவு சின்னது. ஸ்டார்ட் செய்து விட்டால் பம்ப் முதல் இன்ஜெக்டர் வரை போகும்.

கேஜ் மாட்டி பார்த்தால் சண்டை இல்லை

இதுவரை எல்லாம் சரி என்றால் ஃபீட் பம்ப்புக்கு முன்னால் வேக்குவம் கேஜும், பின்னால் பிரஷர் கேஜும் மாட்ட வேண்டும். முன்னால் வேக்குவம் அதிகமாக காட்டினால் பம்ப் இழுக்கிறது, வழிதான் அடைத்திருக்கிறது. முன்னால் அடைப்பும் காற்றும் இல்லை, பின்னால் பிரஷரும் இல்லை என்றால் ஃபீட் பம்ப் தேய்ந்து விட்டது. அல்லது டீசலை திருப்பி விடும் ஓவர்புளோ வால்வின் ஸ்பிரிங் செத்து விட்டது. ஸ்பிரிங்கை பார்க்காமல் பம்ப்பை மாற்றி ஏமாந்தவர்கள் உண்டு.

பழைய இன்லைன் பம்ப்பில் இந்த இடத்தில் 1 முதல் 2 பார் வரை இருந்தால் போதும். காமன் ரெயிலில் பல வண்டிகளில் 4 முதல் 6 பார் வரை கேட்கும். மாடலுக்கு மாடல் மாறும் என்பதால் அந்த வண்டியின் புத்தகத்தில் உள்ள கணக்கே கடைசி வார்த்தை. சில வண்டிகளில் டேங்க் பக்கம் மின்சார பம்ப் இருக்கும். சாவி போட்டதும் "உய்" என்ற சத்தம் கேட்கவில்லை என்றால் முதலில் பியூஸ், ரிலே, எர்த் ஒயரை பார்க்க வேண்டும்.

நட்டை தளர்த்தாதீங்க!

இதற்கு மேல் உள்ளது உயிர் விஷயம்.

பழைய வண்டியில் ஏர் எடுக்க நாசில் பைப்பின் நட்டை லூஸ் செய்து, ஒருவர் செல்ஃப் அடிக்க, இன்னொருவர் டீசல் சொட்டுவதை பார்ப்பார். பல தலைமுறை மெக்கானிக்குகள் இப்படித்தான் தொழில் கற்றார்கள். அந்த கையோடு காமன் ரெயில் வண்டியில் ஸ்பேனரை வைப்பது தற்கொலைக்கு சமம்.

லாரி டயரில் அடிக்கும் காற்று ஏறத்தாழ 8 பார். டயர் வெடித்தாலே என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். காமன் ரெயில் குழாயில் லோடு இழுக்கும்போது 1600 பாருக்கும் மேல் போகும். டயரை போல 200 மடங்கு. அந்த பிரஷரில் ஊசி முனை அளவு இடைவெளி வழியாக வரும் டீசல், கையுறையையும் தோலையும் துளைத்துக்கொண்டு சதைக்குள் போய் விடும்.

இதில் பயங்கரம் என்னவென்றால், காயம் பெரிதாக தெரியாது. எறும்பு கடித்த மாதிரி ஒரு புள்ளி. ஆரம்பத்தில் வலியும் அதிகம் இருக்காது. "ஒண்ணும் இல்லடா" என்று துடைத்து விட்டு வேலையை பார்ப்பார்கள். சில மணி நேரத்தில் விரல் வீங்கி, உள்ளே சதை அழுக ஆரம்பிக்கும். தாமதம் ஆக ஆக விரலையோ கையையோ எடுக்க வேண்டிய நிலை வரலாம். அப்படி ஒரு புள்ளி பட்டால் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு போக வேண்டும். டி.டி. ஊசி போட்டு அனுப்பி விடாமல் இருக்க, "பிரஷர்ல வந்த டீசல் உள்ள போயிருக்கு" என்று டாக்டரிடம் தெளிவாக சொல்ல வேண்டும். இதற்கு அறுவை சிகிச்சைதான் பெரும்பாலும் வழி.

கசிவு எங்கே என்று விரலால் தடவி பார்க்கவே கூடாது. நீளமான அட்டையை காட்டினால் ஈரம் தெரியும். இன்ஜின் அணைத்த உடனும் ரெயிலில் பிரஷர் மிச்சம் இருக்கும். ஸ்கேனரில் அது இறங்கியதை பார்த்து, புத்தகம் சொல்லும் நேரம் வரை காத்திருந்த பிறகே பைப்பில் கை வைக்க வேண்டும்.

ரிட்டர்ன் பாட்டில் சொல்லும் உண்மை

லேசான பிரஷர் பகுதி முழுக்க சரி. ஆனாலும் ரெயிலில் பிரஷர் ஏறவில்லை. இப்போதுதான் பெரிய செலவு பக்கம் பார்க்க வேண்டும்.

முதலில் சென்சார் பொய் சொல்கிறதா என்று பார்க்கலாம். வண்டி நன்றாக நின்று ஆறிய பிறகு, ஸ்டார்ட் செய்யாமல் சாவி மட்டும் போட்டால் ரெயில் பிரஷர் பூஜ்யத்தை ஒட்டி காட்ட வேண்டும். அப்போதே நூற்றுக்கணக்கில் காட்டினால் சென்சாரோ ஒயரோ கெட்டு விட்டது.

செல்ஃப் அடிக்கும்போது ஏறத்தாழ 200 பாராவது வந்தால்தான் பல இன்ஜின்கள் ஸ்டார்ட் ஆகும். அது வரவில்லை என்றால் அழுத்திய டீசல் எங்கோ கசிந்து போகிறது. இன்ஜெக்டரின் ரிட்டர்ன் முனைகளில் சின்ன சின்ன பாட்டில்களை கட்டி ஓட விட்டால், எல்லா பாட்டிலிலும் ஏறக்குறைய ஒரே அளவு டீசல் வர வேண்டும். ஒன்று மட்டும் மளமளவென்று நிறைந்தால் அந்த இன்ஜெக்டர்தான் பிரஷரை தின்கிறது. ஆறையும் மாற்ற வேண்டியதில்லை. சில இன்ஜின்களில் ரிட்டர்ன் ஹெட்டுக்குள்ளேயே ஓடும். அங்கே பாட்டில் கட்ட முடியாது. மொத்த ரிட்டர்னை அளந்து, ஒவ்வொரு இன்ஜெக்டர் வழியாக அதற்கான மூடி போட்டு அடைத்து பார்ப்பார்கள்.

ரெயிலின் ஓரத்தில் பாதுகாப்பு வால்வு ஒன்று உண்டு. பிரஷர் எல்லை மீறினால் திறந்து விடும். ஒரு முறை திறந்த பிறகு சரியாக மூடாமல் போவதும் உண்டு. அதன் ரிட்டர்ன் பைப்பில் டீசல் ஓடிக்கொண்டே இருந்தால் பழி பம்ப் மேல் இல்லை. பம்ப்பின் அளவு வால்வில் சிக்கிய குப்பையையும் பார்த்த பிறகே பம்ப்பை கழட்ட வேண்டும்.

அப்போது ஃபில்டர் கிண்ணத்திலோ, வால்வின் சல்லடையிலோ மினுமினு என்று இரும்பு தூள் தெரிந்தால் ஓனர் மனதை தேற்றிக்கொள்ள வேண்டியதுதான். பம்ப் உள்ளே உரசி உதிர்ந்து விட்டது. இந்த நிலையில் பம்ப்பை மட்டும் மாற்றினால், லைனில் மிச்சம் இருக்கும் தூள் புது பம்ப்பையும் இன்ஜெக்டரையும் சேர்த்து அழிக்கும். டேங்க் முதல் ரிட்டர்ன் வரை முழுவதும் கழுவியாக வேண்டும். இந்த ஒரு செலவில் சிக்கனம் பார்க்கவே முடியாது.

இன்ஜெக்டர் மாற்றினால் அதன் தலையில் உள்ள எண்ணை ஸ்கேனர் மூலம் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டிய மாடல்கள் நிறைய. அதை செய்யாமல் அனுப்பி, "புது இன்ஜெக்டர் போட்டும் நடுக்கம் போகல" என்று திரும்பி வரும் வண்டிகள் உண்டு.

லோடோடு பார்த்தால்தான் தெரியும்

வேலை முடிந்ததும் பட்டறை வாசலில் ஆக்சிலேட்டரை மிதித்து "சரியாயிருச்சு" என்று சாவி கொடுப்பதை ஏற்கக் கூடாது. கோளாறு மேட்டில் வந்தது. மேட்டில்தான் பார்க்க வேண்டும். சேலத்தில் இருந்து தர்மபுரி போகும் வழியில் தொப்பூர் ஏற்றம் போல ஒரு மேட்டில், லோடோடு, ஸ்கேனரை மாட்டியபடி ஓட்டினால் இரண்டு எண்கள் தெரியும். கம்ப்யூட்டர் கேட்கும் பிரஷர் ஒன்று, ரெயிலில் வந்த பிரஷர் ஒன்று. இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கினால் வேலை முடிந்தது. கேட்பது ஏறி, வந்தது பின்தங்கினால் பட்டறைக்கு திருப்ப வேண்டியதுதான்.

மலையில் வண்டி நின்று விட்டால் நான்கு பக்கமும் விளக்கை எரிய விட்டு, பின்னால் தூரத்திலேயே முக்கோண பலகை வைத்து, சக்கரத்துக்கு கல் முட்டு கொடுத்த பிறகே டேங்க் மூடியை திறக்க வேண்டும். வண்டி கிளம்பும்போது அந்த கல்லை ரோட்டோரம் தூக்கி போட்டு விட்டுத்தான் கிளீனர் ஏற வேண்டும்.